பதினாலாம் நம்பர் கார்டு

"அண்ணா, இது என்னைப் பாக்குமா, கார்டைப் பாக்குமா?"

இப்படி என்னிடம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்டது ஒரு ஜவுளிக்கடையில் இரண்டாவது மாடி சேலைப் பிரிவில் நிற்கும் பெண். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கமிருந்து தினம் வந்து போகிறவள். நான் அப்போது ஏணிமேல் நின்று, கடையில் வேலை செய்கிறவர்களின் ஐடி கார்டு எங்கே இருக்கிறது என்று கவனிக்கிற ஒரு சின்ன வெள்ளைப் பொட்டியைத் தூணின் உச்சியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். கீழே பார்க்காமலே "கார்டைத்தாம்மா, உன்னை இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்கு ஏணியை நகர்த்தினேன். பதில் தப்பில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று நானே யோசிக்காமல் சொன்னேன் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது. அதை எங்காவது எழுதி வைத்தால்தான் மனசு கொஞ்சம் ஆறும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் சிசிடிவி, வைஃபை வேலை செய்கிறவன். காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளுக்கு வைஃபை போட்டுக் கொடுப்பது, கடைகளுக்குக் கேமரா மாட்டுவது, இதுதான் பிழைப்பு. பக்கத்தில் இருக்கும் போனை சிக்னலை வைத்துத் தேடுகிற பைத்தியம் எனக்கு வந்தது 2020 லாக்டவுனில். அம்மாவின் போன் வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோனது. மத்தியானம் தூங்கும்போது சைலண்டில் போட்டுவிடுவது அம்மாவின் பழக்கம், நெட்டையும் அணைத்துவிடுவாள், "சும்மா இருக்கும்போது எதுக்குடா ஓடிக்கிட்டு கிடக்கணும்" என்பாள். கூப்பிட்டால் சத்தம் வராது, நெட் இல்லாததால் கூகுள் வழியாக அலற வைக்கவும் முடியாது. அந்த ஏப்ரலில்தான் ஆரோக்ய சேது வந்திருந்தது. நானேதான் அம்மா போனில் போட்டிருந்தேன். அந்த ஆப் ப்ளூடூத்தில் ஓயாமல் "நான் இங்க இருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், அது தெரியும். என் போனில் ஒரு ஸ்கேனர் ஆப்பைத் திறந்து வீட்டுக்குள் நடந்தேன்.

சிக்னல் பலம் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் கிட்டத்தில், மைனஸ் 90 என்றால் கேட்கிறதா இல்லையா என்ற நிலை. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறைய வேண்டும் என்பது கணக்கு. வீட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது என்பதை அன்றைக்குப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் போனால் மைனஸ் 68, சமையல்கட்டுக்குள் போனால் மைனஸ் 80. சரி, வெளியேதான் எங்கோ கிடக்கிறது என்று திண்ணை, துளசி மாடம், செருப்பு வைக்கும் இடம் எல்லாம் தேடினேன். கடைசியில் அது இருந்தது சமையல்கட்டில், அரிசி வைக்கும் எவர்சில்வர் அண்டாவுக்குள். அரிசி அள்ளும்போது இடுப்பில் செருகியிருந்தது நழுவி விழுந்து, மேலே படியும் போட்டு, மூடி அரைகுறையாகச் சாத்தியிருந்தது. எவர்சில்வர் வழியாக அலை வராது. மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து, எதிர்ச் சுவரில் பட்டு, ஜன்னல் பக்கம் தெறித்து வந்ததைத்தான் என் போன் பிடித்திருக்கிறது. போன் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா எனக்குச் சுடச்சுட கேசரி கிளறிக் கொடுத்தாள். எனக்கோ அதைக் கண்டுபிடித்த பெருமை. பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொன்னேன். சிக்னல் ஜன்னலைக் காட்டியது, பொருள் அண்டாவில் இருந்தது என்கிற பாதியை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அது முக்கியம் என்றே தோன்றவில்லை.

அப்புறம் இதுவே ஒரு வேலையாகிவிட்டது. லாட்ஜில் தங்கியிருந்த வங்காளத்துக்காரர் ஒருவர், அப்பாவின் ஆபரேஷனுக்காக வந்தவர், காதில் மாட்டும் இயர்பட்ஸைத் தொலைத்துவிட்டுத் தவித்தார். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு அலைச்சலே ஆயிரம், அதில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்த திருப்தி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

எண்ணிக்கை கேட்ட முதலாளி

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் அந்த ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டனுப்பினார். கேமரா வேலை ஏற்கெனவே அங்கே நான்தான் பார்க்கிறேன். "தம்பி, எந்த மாடில எவ்ளோ பேர் வராங்க, எவ்ளோ நேரம் நிக்கறாங்க, இது மட்டும் தெரிஞ்சா போதும். போன வச்சே எண்ணலாமாமே?" என்றார். எண்ணலாம் என்றுதான் நானும் நினைத்தேன். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, போனில் வைஃபையோ ப்ளூடூத்தோ திறந்துதான் கிடக்கிறது, அது தெரிந்த நெட்வொர்க் எதுவும் பக்கத்தில் இருக்கிறதா என்று அவ்வப்போது கூவிப் பார்க்கும். அந்தக் கூவலில், எந்தப் போன் என்று அடையாளம் காட்டும் ஒரு முகவரி எண் இருக்கும். அதை ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை, இ.எஸ்.பி-32 என்று ஐநூறு ரூபாய்க்குள் கிடைப்பது, சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். இது புதுசும் இல்லை. 2013-ல் லண்டனில் தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் இப்படி ஒரு கருவியை வைத்து, போகிற வருகிறவர்களின் போன்களைக் கணக்கெடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் போன் செய்கிறவர்களும் உஷாராகிவிட்டார்கள். ஆப்பிள் 2014-லேயே, வைஃபை தேடும்போது நிஜ முகவரிக்குப் பதில் பொய் முகவரியைக் கொடுக்கும்படி மாற்றியது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, வைஃபையில் சேரும்போதும் பொய் முகவரியையே வழக்கமாக்கிவிட்டது. ப்ளூடூத்திலும் அப்படித்தான், சுமார் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முகவரி மாறிவிடும். விளைவு என்ன என்றால், அந்தப் பலகையை உள்ளே வைத்து ஆறு பொட்டி மாட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை என் கணக்கு பதினோராயிரம் பேர் என்று சொன்னது. குடியாத்தம், பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் சித்தூரிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது உண்மைதான், ஆனால் பதினோராயிரம் பேர் ஏறினால் அந்தக் கட்டிடம் தாங்காது. ஒரு அம்மா பட்டுச்சேலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் பொட்டிக்கு அவர் நான்கு பேர். முதலாளியிடம் இதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கொஞ்ச நேரம் பில் கவுண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "வர்றவங்கள எண்ண முடியல, சரி. இங்க வேல செய்றவங்கள?" என்று கேட்டார்.

அங்கேயே நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊழியர்களின் போனை காலையில் வந்ததுமே கீழே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் போனை வைத்துத் தேட முடியாது. ஆனால் ஐடி கார்டுக்குப் பின்னால் ஒட்டுகிற மாதிரி ப்ளூடூத் டேக் கிடைக்கிறது, உள்ளே காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி, முகவரி மாறவே மாறாது, விநாடிக்கு ஒருமுறை கத்திக்கொண்டே இருக்கும். முப்பத்தோரு பேருக்கு முப்பத்தோரு டேக். கூட்டத்தில் தவித்த என் கணக்கு இங்கே பளிச்சென்று வேலை செய்யும் என்பதில் ஒரு ஆர்வம், மாட்டிய பொட்டிகளைச் சும்மா கழற்றக்கூடாது என்ற எண்ணம், பாக்கித் தொகை வேறு. மூன்றும் சேர்ந்து என்னை "செய்யலாம் சார்" என்று சொல்ல வைத்தன.

கூட்டத்தில் காணாமல் போன கார்டு

கணக்குப் போடும் முறை ரொம்ப எளிமை. ஒரு கார்டின் சத்தம் எந்தப் பொட்டிக்குப் பலமாகக் கேட்கிறதோ, அந்தப் பொட்டி இருக்கும் இடத்தில் அந்த ஆள் இருக்கிறார். அதே பொட்டிகளை இதற்காக இடம் மாற்றி ஒட்டினேன்: சேலைப் பிரிவுத் தூணில் ஒன்று, அங்கிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று, இப்படி மாடிக்கு இரண்டு. இரவு பத்து மணிக்கு ஒரு ரிப்போர்ட் போகும்: கார்டு நம்பர், பிரிவில் இருந்த நேரம், பிரிவை விட்டு வெளியே இருந்த நேரம். அவ்வளவுதான். அழகாகக் கலர் எல்லாம் போட்டு வைத்திருந்தேன், வெளியே இருந்த நேரம் அரை மணியைத் தாண்டினால் சிவப்பு.

மூன்றாவது வாரம் கேமரா ஒன்றைச் சரிபார்க்கப் போனபோது ஃப்ளோர் சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கை கொடுத்தார். "உங்க பொட்டி சூப்பரா வேல செய்யுது சார். ஒருத்திய புடிச்சிட்டோம். ஞாயித்துக்கெழம ராத்திரி பீக் டைம்ல நாப்பத்திரண்டு நிமிஷம் படிக்கட்டுல போயி உக்காந்துகினு இருந்துகிறா. அரை நாள் சம்பளம் கட்." பதினாலாம் நம்பர் கார்டு. யாரென்று கேட்டேன். ஏணிக்குக் கீழே நின்று என்னைக் கேள்வி கேட்ட அதே பெண். "இல்லை, நான் பிரிவில்தான் இருந்தேன்" என்று அவள் அழுதாளாம். "மெஷின் பொய் சொல்லுமா சார்?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

எனக்கு அந்த நொடியில் அம்மாவின் அண்டா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் சாப்பிடாமல்கூட லாப்டாப்பைத் திறந்து அன்றைய முழுப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். ரிப்போர்ட் நாற்பத்திரண்டு நிமிஷம் என்று கூட்டித்தான் சொல்லியிருந்தது. பிரித்துப் பார்த்தால் அது இருபது விநாடி, முப்பது விநாடி, நாற்பது விநாடி என்று எண்பத்துச் சொச்சம் துண்டு. இரண்டு மணி நேரத்தில் எண்பது தடவை பன்னிரண்டு மீட்டர் ஓடிப்போய், படிக்கட்டில் அரை நிமிஷம் நின்றுவிட்டு, திரும்பவும் ஓடி வந்து சேலை விரிக்கிற மனுஷி உலகத்தில் கிடையாது. அந்தத் துண்டுகள் அவ்வளவும் என் கையில் இருந்தன. கூட்டல் போட்டு மறைத்ததும் நான்தான்.

மறுநாள் கடை மூடிய பிறகு போனேன். அவள் நிற்கும் இடத்தில் அவள் மாதிரியே கழுத்தில் ஒரு கார்டை மாட்டிக்கொண்டு நின்றேன். ஆளில்லாத மாடி. தூண் பொட்டிக்கு மைனஸ் 66, படிக்கட்டுப் பொட்டிக்கு மைனஸ் 79. சந்தேகமே இல்லை, பிரிவில்தான் இருக்கிறேன். அப்புறம் அப்படியே திரும்பி, பின்னால் இருக்கும் ரேக்கிலிருந்து சேலை எடுப்பது போல நின்றேன். தூண் பொட்டிக்கு மைனஸ் 77 ஆகிவிட்டது. கார்டு நெஞ்சில் தொங்குகிறது, தூண் இப்போது என் முதுகுக்குப் பின்னால், நடுவில் என் உடம்பு. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும், மனுஷ உடம்போ பாதிக்கு மேல் தண்ணீர். சனிக்கிழமை ஏழு மணிக்கு, கூட்டம் மூன்று வரிசையாகக் கவுண்டரில் சாய்ந்து நிற்கும்போது மறுபடி பார்த்தேன். அவள் முன்பக்கம் பார்த்து நிற்கும்போதே தூண் பொட்டிக்கு மைனஸ் 76, 77 என்று தள்ளாடியது. ரேக்கைப் பார்த்துத் திரும்பினால் மைனஸ் 88. பக்கவாட்டில் படிக்கட்டுப் பக்கம் மட்டும் ஆள் இல்லை, அங்கே சுவர் நீளத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி வேறு, அதில் பட்டுப் போகிற அலை படிக்கட்டுப் பொட்டிக்கு மைனஸ் 80-ல் போய்ச் சேர்கிறது. படிக்கட்டு ஜெயித்துவிடுகிறது.

நான் ரேக் பக்கம் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். "மயில் கழுத்துல காட்டுமா", "அதே டிசைன்ல மாம்பழக் கலர் இல்லியா", தெலுங்கில் ஒரு பாட்டி வேறு ஏதோ கேட்கிறார், ஒவ்வொரு கேள்விக்கும் இவள் திரும்புகிறாள், எட்டி எடுக்கிறாள், உதறி விரிக்கிறாள், மடிக்கிறாள், திரும்புகிறாள். ஒவ்வொரு தடவை அவள் ரேக் பக்கம் திரும்பும்போதும் என் போனில் பதினாலாம் நம்பர் படிக்கட்டுக்குத் தாவியது. அரை நிமிஷத்தில் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் அதிகமாக அதிகமாக, அவள் திரும்பித் திரும்பி சேலை எடுக்க எடுக்க, என் கணக்கில் அவள் அங்கே இல்லாத நேரம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஆள் வராத செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் மட்டும் என் பொட்டி அவளை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது.

இது எனக்குத் தெரியாத விஞ்ஞானமா என்றால் இல்லை. 2020-லேயே டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு டிராம் வண்டிக்குள் போன்களை வைத்து அளந்து பார்த்து, இரும்புக் கூட்டுக்குள் ப்ளூடூத் பலத்தை வைத்து யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்று சொல்வதும், குலுக்கல் சீட்டு எடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதினார்கள். நான் அதைப் படித்திருந்தேன். நம் தொழிலில் எல்லாருக்கும் இது அரசல்புரசலாகத் தெரியும். தெரிந்தும் ஒரு சிவப்புக் கட்டத்தை வரைந்து, சம்பளம் போடுகிறவர் கையில் கொடுத்தேன். பொருளைத் தேடும்போது சிக்னல் தப்பாகக் காட்டினால் இன்னும் பத்து நிமிஷம் தேடுவோம், ஜன்னலில் இல்லாவிட்டால் சமையல்கட்டைப் பார்ப்போம். கண் அங்கேயே இருக்கிறது. ஆளைத் தேடுவதற்கு வைத்தபோது யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. பத்து அடி தள்ளி நிற்கிற சூப்பர்வைசர்கூட நிமிர்ந்து பார்க்காமல், ராத்திரி பத்து மணிக்கு வருகிற தாளைத்தான் பார்த்தார்.

மெஷினும் பில்லும்

முதலாளியிடம் டெசிபல் கதை சொன்னால் எடுபடாது என்று தெரியும். அதனால் அன்றைய பில் விவரத்தைக் கேட்டு வாங்கினேன். ஜவுளிக்கடையில் ஒவ்வொரு துண்டுச்சீட்டிலும் சேல்ஸ் செய்தவரின் கோடு இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறிலிருந்து எட்டுக்குள் அந்தப் பெண்ணின் கோடில் பத்தொன்பது சீட்டு. அதில் நாலு, அவள் "படிக்கட்டில்" இருந்ததாக என் பதிவு சொல்லும் அதே நிமிஷத்தில் எழுதியது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பில்லப் பாத்தா அவ இங்கதான் இருந்துகிறா. உன் பொட்டியப் பாத்தா இல்ல. எது நெசம் தம்பி?" பில்தான் சார் நிஜம், என் பொட்டி தப்பு, அந்தப் பெண்ணுக்குப் பிடித்த சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள், வேண்டுமானால் என் பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். பாக்கியில் கழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மோசமான மனிதர் இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளை நம்பினார். அந்தத் தாளைக் கொடுத்தது நான்.

சரி, இன்னும் அதிகமாகப் பொட்டி வைத்து, கூரையிலிருந்து தொங்கவிட்டு, துல்லியமாக்கலாமே என்று தொழில் நண்பர் ஒருவர் கேட்டார். ஆக்கலாம். 2019-ல் வந்த ப்ளூடூத் 5.1-ல் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடப் பார்க்க வழி இருக்கிறது. அதையெல்லாம் போட்டு ஒரு அடி பிசகாமல் சொன்னாலும், ஒரு பெண் கழிப்பறையில் எத்தனை நிமிஷம் இருந்தாள் என்பதும் அதே தாளில்தான் வந்து விழும். தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல்தான் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நிற்காதே, கொஞ்சம் உட்கார் என்று சொல்வதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்ட இடத்தில், உட்கார்ந்த நிமிஷத்தை எண்ணுகிற கருவியை மாட்டியிருக்கிறேன். அவள் நிஜமாகவே நாற்பத்திரண்டு நிமிஷம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனா? இதை அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கணக்குத் தப்பு என்பதில்தான் பதறினேன். கணக்கு சரியாக இருந்திருந்தால் சூப்பர்வைசரின் கையைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

ஒன்றுக்காக வைத்தது இன்னொன்றுக்குப் போவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2020-ல் நோய்த்தொற்றுக்காக மட்டும் என்று சொல்லி ப்ளூடூத் ஆப் கொடுத்தார்கள், 2021 ஜனவரியில் குற்ற விசாரணைக்கு போலீஸும் அதை எடுத்துக்கொள்ள முடியும் என்று அரசே பார்லிமெண்டில் சொன்னது. இன்னொரு பக்கம், போன் வைத்திருப்பவரைக் காப்பாற்ற போனில் பொய் முகவரி போடுகிறார்கள், தெரியாத டேக் நம்மோடு கூடவே வந்தால் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாட்டை 2024-ல் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். கடைக்கு வந்து சேலை பார்க்கிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. அவருக்குச் சேலை எடுத்துக் காட்டுகிறவளின் போன் லாக்கரில் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் டேக்கைக் கழற்றினால் வேலை போய்விடும்.

டேக்குகளைத் திரும்பக் கொடுத்துவிடச் சொன்னேன். முதலாளி சம்மதித்தார், ஆனால் ஆடி முடியட்டும், ஆவணி முகூர்த்தம் முடியட்டும் என்று தள்ளிப்போய், தீபாவளிக்கு முன்னால்தான் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டை மட்டும் நான் அன்றைக்கே நிறுத்திவிட்டேன். வீட்டில் வந்து பேட்டரிகளைக் கழற்ற உட்கார்ந்தேன். பத்தோ பன்னிரண்டோ கழற்றியிருப்பேன், பதினாலாம் நம்பர் வந்தது. மற்ற கார்டுகளைப் போல அதுவும் ஓரம் தேய்ந்திருந்தது. டேக்குக்கும் கார்டு உறைக்கும் நடுவில் ஒரு ஊக்கும், நாலாக மடித்த பத்து ரூபாய்த் தாளும் இருந்தன. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, பஸ் தப்பிப்போனால் ஷேர் ஆட்டோவுக்கு ஆகும் என்று வைத்திருப்பாள்.

மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். சேலைப் பிரிவில் வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முன்பு அங்கே நின்றவள் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டதாக, கம்பெனி வண்டி ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னாள். அரை நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டதாக சூப்பர்வைசர் சொன்னார். அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் பத்து ரூபாயும் ஊக்கும் அதே உறைக்குள், என் மேசை டிராயரில் இருக்கின்றன.